காமாலையும் காலக்கணக்கும்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிச் சாலையில் சென்று, மேடவாக்கத்தில் திரும்பிச் சோழிங்கநல்லூருக்குப் போகிறவர்கள் கடந்து செல்லும் பெரும்பாக்கம், ஒரு காலத்தில் ஏரியும் வயலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்புமாக இருந்த சிற்றூர். இன்று அவ்வூரில், கல்லீரல் மாற்றுச் சிகிச்சையை நாடி வெளிமாநிலங்களிலிருந்தும் வெளிதேசங்களிலிருந்தும் நோயாளிகள் வந்து சேருகின்ற பெரிய மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவிலேயே, கூவம், அடையாறு முதலிய நீர்நிலைகளின் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்காக அரசு வாரியம் எழுப்பிய அடுக்குமாடி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. காமாலை என்னும் விஷயத்தின் இரு முனைகளும் இப்படி ஒரே ஊரில் அமைந்திருப்பதைப் பார்க்கும்போது, ஒரு முனையில் கல்லீரலே அழிந்துபோன பிறகு லட்சக்கணக்கான ரூபாய்ச் செலவில் செய்யப்படும் மகத்தான சிகிச்சையும், மறுமுனையில் அந்த அழிவு தொடங்குவதற்கே காரணமாகக்கூடிய ஒரு குவளைத் தண்ணீரும் நம் கண்முன் நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நாம் அறிந்து செய்யக்கூடியவை பல. அவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காமாலையைத் தனியான ஒரு வியாதியாக எண்ணி, அதற்கென்று ஒரு மருந்தும் ஒரு பத்தியமும் உண்டென்று நம்புவது நம் ஜனங்களிடையே நெடுநாளாக வேரூன்றிய வழக்கம். உண்மையில் அது பற்பல வியாதிகளுக்குப் பொதுவான அடையாளம். நம் ரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து சிதைகின்றன. அப்படிச் சிதையும்போது அவற்றின் செந்நிறப் பொருளிலிருந்து ‘பிலிருபின்’ என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. நீரில் கரையாத அப்பொருளைக் கல்லீரல் ஏற்றுக்கொண்டு, நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றி, பித்தநீரோடு கலந்து குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு அதன் இயல்பான நிறத்தைக் கொடுப்பதும் இதுவே. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தாலும், கல்லீரல் தன் தொழிலைச் செய்ய இயலாமல் சோர்ந்தாலும், பித்தநீர் செல்லும் குழாயில் அடைப்பு நேர்ந்தாலும், மஞ்சள் ரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் படிகிறது. ஆரோக்கியமான பெரியவர்களின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்கும் பிலிருபின், 2.5 அல்லது 3 மில்லிகிராமுக்கு உயர்ந்தால்தான் வெள்ளை விழியில் மஞ்சள் தென்படும். ஆகவே கண் மஞ்சளாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால், என்ன மருந்து என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை நாளாக, யாருக்கு, சிறுநீரும் மலமும் என்ன நிறம் என்று கேட்பதே முறை. இவற்றுள்ளும் நாட்கணக்கே முதன்மையானது என்பது, பச்சிளஞ்சிசுக்களின் விஷயத்தில் வேறெங்கும் காணாத அளவுக்குத் தெளிவாகப் புலப்படும்.

கருப்பையில் இருக்கும் சிசுவுக்குப் பிராணவாயு குறைவாகவே கிடைப்பதால், அதன் உடலில் சிவப்பணுக்கள் மிகுதியாக இருக்கின்றன. அவற்றின் ஆயுளும் பெரியவர்களுடையதைவிடக் குறைவு, 70 முதல் 90 நாள் வரைதான். பிறந்தபின் அவை வேகமாகச் சிதையும் அதே சமயத்தில், பிலிருபினை மாற்றியமைக்கும் சக்தி குழந்தையின் கல்லீரலுக்கு முழுமையாக வந்திருப்பதில்லை. எனவே நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கும், குறைமாதத்தில் பிறந்தவற்றில் எண்பது பேருக்கும், முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சள் தோன்றுவது இயற்கை. இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ தோன்றி, மூன்று முதல் ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை அடைந்து, இரண்டு வாரத்துக்குள் தானே மறையும் இந்த மஞ்சளைப் பற்றிப் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. சுகப்பிரசவமான தாயும் சேயும் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். மஞ்சள் உச்சத்தை அடையும் நாளில் குழந்தை மருத்துவர் கண்ணில் படுவதில்லை. பாட்டியின் கண்ணிலும் அத்தையின் கண்ணிலும்தான் படுகிறது. நெருக்கமான அடுக்குமாடி வீடுகளின் உள்ளறைகளில், நண்பகலிலும் விளக்கேற்ற வேண்டிய நிலையில், அந்தக் கண்களும் ஏமாறக்கூடும்.

ஆகவே குழந்தையை ஜன்னலருகே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ மார்பிலோ விரலால் மெதுவாக அழுத்தி எடுத்தால், அந்த இடத்தில் ரத்தம் விலகி, அடித்தோலின் நிறம் ஒரு கணம் தெரியும். சிசுவின் மஞ்சள் முகத்தில் தொடங்கி, மார்பு, வயிறு, தொடை என்று கீழிறங்கி, உள்ளங்கையும் உள்ளங்காலும் வரை செல்லும் இயல்புடையது. கால் வரை இறங்கிய மஞ்சள் தாமதத்துக்கு இடமில்லாத மஞ்சள். மாநிறமும் கறுப்புமான நம் குழந்தைகளுக்கு ஈறும் விழியும் பார்ப்பது மேலும் உதவும். ஆயினும் கண்ணால் மதிப்பிடுவது முற்றிலும் நம்பத்தக்கதன்று என்பதை வைத்தியர்களே ஒப்புக்கொள்கிறார்கள். தோலின்மேல் வைத்து அளக்கும் கருவியும், குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தமும் சொல்வதே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பும் குழந்தை பிறந்து எத்தனை மணி நேரமாயிற்று என்பதைப் பொறுத்தது. மூன்றாம் நாளில் கவலையில்லாத ஓர் அளவு, முதல் நாளில் பெரும் அபாயமாகிவிடும்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தோன்றினால் அதை இயற்கையானது என்று ஒருபோதும் கொள்ளலாகாது. தாயின் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவாகவும் குழந்தையுடையது பாசிட்டிவாகவும் இருந்தாலும், தாய் ‘ஓ’ பிரிவும் குழந்தை ‘ஏ’ அல்லது ‘பி’ பிரிவுமாக இருந்தாலும், தாயின் உடலில் உண்டான எதிர்ப்பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். ஆர்.எச். பேதத்தால் நேரும் இந்த விபரீதத்தைத் தடுக்கும் ‘ஆன்டி-டி’ ஊசி 1968 முதல் உலகில் வழங்கி வருகிறது. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் ஒரு முறையும், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் மறுமுறையும் அதைப் போட்டுக்கொள்வதால், அடுத்து வரும் குழந்தை காக்கப்படுகிறது. கருச்சிதைவு நேர்ந்தாலும் இந்த ஊசி அவசியம் என்பதைப் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. சிவப்பணுவில் ‘ஜி-6-பி-டி’ என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளும் நம்மிடையே உண்டு. பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணிகளை எடுத்து அப்படியே அத்தகைய சிசுவுக்குச் சுற்றினால், அந்த உருண்டையின் ஆவியே சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சளை ஏற்றிவிடும். துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்தும் சிறு வேலை அங்கே ஓர் உயிரின் காவலாகிறது.

இவ்வளவு கவலை எதற்கென்றால், அளவு மீறிய பிலிருபின் சிசுவின் மூளைக்குள் புகுந்து அதன் ஆழ்ந்த பகுதிகளில் படியும் தன்மையுடையது. முதலில் குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கும், பால் குடிக்க மறுக்கும், உடல் துவளும். பிறகு முதுகை வில்லாக வளைத்துக் கீச்சுக்குரலில் அழும். அதன்பின் பிழைத்தாலும், செவிப்புலன் இழப்பும், கைகால்கள் தம் வசமின்றி அசையும் வாதமும் ஆயுள் முழுதும் தொடரும். உரிய நாளில் எடுக்கும் ஒரு சிறு பரிசோதனையால் தடுக்கக்கூடிய ஊனம் இது என்பதனாலேயே, இதை எழுதும்போது மனம் பதைக்கிறது.

இதற்குரிய சிகிச்சை கண்டறியப்பட்ட வரலாறு அழகானது. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பிரதேசத்தில் ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைப் பராமரித்து வந்த ஜீன் வார்டு என்னும் செவிலியர், திறந்தவெளியின் நன்மையில் நம்பிக்கையுடையவராய், 1956-ஆம் ஆண்டு கோடையில் சிசுக்களை மருத்துவமனை முற்றத்துக்கு எடுத்துச் செல்வது வழக்கம். ஒரு நாள் அவர் மருத்துவர்களிடம் காட்டிய குழந்தையின் உடல் முழுதும் மஞ்சள் வெளிறியிருக்க, துணியின் மூலை மறைத்திருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. பின்னர் ஜன்னலோரத்தில் வெயில் பட்டுக் கிடந்த ரத்தக் குப்பியொன்றைப் பரிசோதித்தபோதும் பிலிருபின் குறைந்திருந்தது. ரிச்சர்டு கிரீமர் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் இவ்விரண்டையும் இணைத்து ஆராய்ந்து, ஒளியைக் கொண்டே சிகிச்சை செய்யும் கருவியை அமைத்து, 1958-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். நீல ஒளி தோலில் பட்டதும் பிலிருபினின் அமைப்பு மாறி, கல்லீரலின் உதவியின்றியே நீரில் கரைந்து வெளியேறத் தக்கதாகிறது. இன்று நம் அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில், கண்ணைத் துணியால் கட்டி, இடுப்புத் துணி மட்டும் உடுத்தி நீல விளக்கின் கீழ்க் கிடத்தப்பட்டிருக்கும் குழந்தைகள், அந்தச் செவிலியரின் கூர்ந்த பார்வைக்குக் கடன்பட்டவர்கள். ஒளியாலும் அடங்காத மஞ்சளுக்குத் தொப்புள்கொடி நாளத்தின் வழியே குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து மாற்று ரத்தம் செலுத்தும் முறை உண்டு. ஒளிச்சிகிச்சை வந்தபின் அதன் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

சூரிய ஒளியில்தானே இது கண்டறியப்பட்டது, அப்படியானால் காலை இளவெயிலில் குழந்தையைக் காட்டுவது போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. வெயிலில் நீல ஒளி எவ்வளவு என்பதற்குக் கணக்கில்லை. உடையைக் களைந்தால் காலையில் குழந்தை குளிர்ந்துபோகிறது, சற்று நேரமானால் தோல் வெந்துபோகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெயில் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற திருப்தியில் இரண்டு நாட்கள் வீணாகின்றன. தெருவில் கழுதையை ஓட்டி வந்து, அங்கேயே கறந்து சங்கில் ஊற்றிக் கொடுக்கும் பாலைக் காமாலைக்கு மருந்தென்று வாங்கிப் புகட்டுவதும், சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதும், வயிற்றில் சூடு இழுப்பதும் இன்னும் நம்மைவிட்டு அகலவில்லை. சூடு இழுப்பது கொடுமை. மற்றவை சிசுவின் குடலில் கிருமிகளைச் சேர்ப்பதோடு, தாய்ப்பாலுக்குரிய இடத்தையும் அடைத்துக்கொள்கின்றன. தாய்ப்பால் போதாமையே முதல் வாரத்து மஞ்சளை வளர்க்கும் காரணங்களில் ஒன்றாதலால், நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுப்பதைவிடச் சிறந்த வீட்டு வைத்தியம் வேறில்லை. தாய் மாம்பழமோ பூசணியோ உண்டதால் குழந்தைக்கு மஞ்சள் வந்தது என்று அவளைப் பட்டினி போடுவதும் தகாது.

இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் மறையாவிட்டால் விஷயம் வேறு திசையில் செல்கிறது. தாய்ப்பால் குடித்து நன்றாக வளரும் சில குழந்தைகளுக்குச் சில வாரங்கள் வரை தீங்கில்லாமல் மஞ்சள் நீடிப்பது உண்டு. அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மலம் சுண்ணாம்புபோல் வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியச் செய்யுமானால், பித்தக்குழாய்கள் அழிந்து அடைபட்டுப்போகும் ஒரு நோயை உடனே சந்தேகிக்க வேண்டும். ஜப்பானிய அறுவை மருத்துவர் மொரியோ கசாய் 1950-களில் வகுத்த முறைப்படி, குடலின் ஒரு பகுதியைக் கல்லீரலோடு நேரே இணைத்துப் பித்தநீருக்கு வழி செய்யலாம்; ஆயின் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் நன்கு கிட்டும். தைவான் நாட்டில் 2004 முதல், பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் தாய்க்கும் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். சில காசு பெறுமான அந்த அட்டை நம் தாய்சேய் நலப் புத்தகத்திலும் ஒரு பக்கமாக எங்கும் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த நோயோடு நம் வட்டாரத்துக்கு மறக்க முடியாத தொடர்பு ஒன்று இருக்கிறது. பெரும்பாக்கமும் அந்நாளில் அடங்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில், காஞ்சி நகரைச் சேர்ந்த ஓர் ஆண் குழந்தைக்குப் பித்தக்குழாய் அடைபட்டுக் கல்லீரல் கெட்டுப்போனபோது, 1998 நவம்பரில், இருபது மாத வயதில், தில்லி அப்பல்லோ மருத்துவமனையில் தந்தையின் கல்லீரலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். இந்தியாவில் குழந்தைக்குச் செய்யப்பட்டு வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை அதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவராகியும் விட்டார். அதற்கு முந்தைய ஆண்டில், மயிலாடுதுறைப் பகுதியில் பிறந்து லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றிய முகமது ரேலா, பிறந்து ஐந்தே நாளான பெண் சிசுவுக்குக் கல்லீரல் பொருத்தி உலகின் கவனத்தை ஈர்த்திருந்தார். அவரே பின்னர் பெரும்பாக்கத்து மருத்துவமனையில் இச்சிகிச்சையை வளர்த்து, பிறகு குரோம்பேட்டையில் தம் பெயரிலேயே ஒரு நிலையத்தை நிறுவினார். 2009-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை தொடங்கியதால், காசில்லாதவருக்கும் அந்தக் கதவு ஓரளவு திறந்தது.

பெரியவர்களின் காமாலைக்கு வருவோம். நம் நகர்ப்புறங்களில் அதற்குப் பெருங்காரணம், மலத்தின் வழியே வெளியேறித் தண்ணீரில் கலந்து பிறர் வாய்க்குள் செல்லும் இரண்டு வைரசுகள். ‘ஏ’ என்றும் ‘இ’ என்றும் எழுத்துகளால் அவற்றைக் குறிக்கிறார்கள். முதலில் சில நாள் சுரம், குமட்டல், சோற்றைக் கண்டாலே வெறுப்பு. பிறகு சிறுநீர் கறுத்த தேநீர் நிறமாகும். அதன்பின் கண் மஞ்சளாகும். கண் மஞ்சளாகும் தறுவாயில் சுரம் விட்டுப் பசி எடுக்கத் தொடங்குவதும் உண்டு. பெரும்பாலோர் சில வாரங்களில் முற்றிலும் குணமடைகிறார்கள். இவ்வைரசுகளுக்கென்று தனி மருந்து சாதாரணமாகத் தேவைப்படுவதில்லை. உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், பருப்பில்லாமல் வெறுங்கஞ்சியில் நாற்பது நாள் வைக்கும் பத்தியம் நோயாளியை மெலியச் செய்வதன்றி வேறு பிரயோஜனம் தருவதில்லை; பசிக்கேற்ற சாதாரண ஆகாரமும், ஓய்வும், மதுவை அறவே விலக்குதலும், வைத்தியரைக் கேளாமல் எந்த மாத்திரையும் விழுங்காதிருத்தலுமே அவசியம். காமாலைக்கென்று தெருவோரம் வாங்கும் கரும்புச்சாற்றில் சேரும் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1955 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் தில்லி மாநகரில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. யமுனையில் வெள்ளம் வந்து, கழிவுநீர் ஓடை பின்வாங்கி, வஜீராபாத்தில் நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது; நிலையத்தார் எச்சரிக்கையாகக் குளோரினைக் கூட்டியதால் குடற்சுரம் போன்ற நோய்கள் பெருகவில்லை, ஆனால் இந்த வைரசு மட்டும் தப்பி வந்து வீடுவீடாகப் புகுந்தது என்பதை ஆர். விசுவநாதன் முதலியோர் ஆராய்ந்து எழுதினார்கள். 1978-இல் காஷ்மீரில் பரவிய காமாலையைக் கூர்ந்து கவனித்த மருத்துவர் முகமது சுல்தான் குரூ, இது ‘ஏ’யும் அன்று, ‘பி’யும் அன்று, வேறொன்று என்று கூறினார், பின்னால் அதுவே ‘இ’ என்று பெயர் பெற்றது. இந்த ‘இ’ வைரசு கர்ப்பிணிகளிடம் காட்டும் கொடூரம் சொல்லி முடியாது: கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இது பற்றிய பெண்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு உயிரிழப்பு நேர்ந்ததைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கண்ணில் லேசான மஞ்சள் தெரிந்தாலும், அன்றே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

‘பி’, ‘சி’ என்னும் வேறு இரு வைரசுகள் ரத்தத்தின் வழியும், ஊசியின் வழியும் பரவுபவை. ‘பி’ உடலுறவின் வழியும் பரவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் செல்லும். இவை பல்லாண்டு ஓசையின்றி உள்ளே தங்கிக் கல்லீரலை இறுகச் செய்பவை. மஞ்சள் தெரியும் வேளையில் பெரும்பகுதி அழிவு நிகழ்ந்திருக்கும். ‘பி’ வைரசைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தவர். 1988-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி உட்கொண்ட ‘பி’ வைரசுத் தாங்கிகள் 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து அதன் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. தமிழ்நாட்டுக் கொல்லைப்புறச் செடி ஒன்று உலக மருத்துவத்தின் முன் கௌரவத்தோடு நின்ற நாள் அது. ஆயினும் பின்பு வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் அவ்வண்ணமே கிட்டவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கீழாநெல்லி உண்டு காமாலை தீர்ந்தது என்று நாம் கேட்பவற்றில் பெரும்பாலானவை, தானே தீரும் இயல்புடைய ‘ஏ’ வகையைச் சேர்ந்தவை. சித்த மருத்துவத்தை நாடுவோர், தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற, முறையாகப் பரிசோதித்து மருந்து தரும் இடத்துக்குச் செல்லலாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிவைத்து, பெயர் தெரியாத பச்சிலையை ஊர் பேர் தெரியாதவர் கையால் மூக்கிலும் கண்ணிலும் பிழிந்துகொள்வது வேறு விஷயம்.

‘பி’க்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் முதல் ஊசியைத் தாய்மார் கேட்டுப் பெற வேண்டும். தாய்க்கே ‘பி’ இருப்பதாகத் தெரிந்தால், அதனோடு எதிர்ப்புப் புரத ஊசி ஒன்றும் 12 மணி நேரத்துக்குள் சேர வேண்டும். ‘சி’க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலோர்க்கு மூன்று மாத மாத்திரையால் அது அடியோடு தீருகிறது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இப்பரிசோதனைகளும் மருந்துகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தாம்பரத்தைப் பற்றிப் பேசும்போது, 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆரோக்கிய நிலையத்தை நினையாதிருக்க முடியாது. அக்காலத்தில் காற்றும் ஓய்வும் ஆகாரமுமே காசத்துக்கு மருந்து. இன்று வலிய மருந்துகள் அதைத் தீர்க்கின்றன. அவற்றுள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு என்னும் மூன்றும் சிலருடைய கல்லீரலைத் தாக்கிக் காமாலையை உண்டாக்கக்கூடும். மருந்து தொடங்கிய வாரங்களில் வாந்தியும் கறுத்த சிறுநீரும் கண்டால், தாமதியாமல் மருந்து தந்த இடத்துக்கே செல்ல வேண்டும். வைத்தியர் அவற்றை நிறுத்தி, கல்லீரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார். வீட்டில் தாமே நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் காசம் மீண்டும் தலைதூக்கும். குடியால் வரும் காமாலையும் நம் ஆஸ்பத்திரி வார்டுகளை நிறைக்கிறது. முற்றிய நிலையில் அது மிகக் கொடியது. எலிக்கொல்லிப் பசை எவ்விதத்தில் வாய்க்குள் சென்றிருந்தாலும், ஓரிரு நாள் ஒன்றும் நேராதது போலத் தோன்றிய பிறகே கல்லீரல் அழியத் தொடங்குமாதலால், நன்றாக இருக்கிறார் என்று நம்பாமல் அந்த மணியிலேயே மருத்துவமனை செல்ல வேண்டும்.

வலியோடும் குளிர்சுரத்தோடும் வரும் மஞ்சள் பித்தக்குழாயில் கல் அடைத்ததைக் காட்டலாம்; வாய்வழிக் குழாயைச் செலுத்தியே அந்தக் கல்லை எடுத்துவிடுகிறார்கள். வயது முதிர்ந்தவர்க்கு வலியின்றி, அரிப்போடு நாளுக்கு நாள் கூடும் மஞ்சளும் வெளுத்த மலமும் கணையத்துப் புற்றுநோயின் முதல் குறியாக இருக்கக்கூடும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் நடந்தவருக்குச் சுரம், கண்சிவப்பு, கெண்டைக்கால் வலி இவற்றோடு வரும் மஞ்சள் எலிக்காய்ச்சலைச் சேர்ந்தது. இவை எதுவாயினும், நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலும், பேச்சு தடுமாறினாலும், ஈறிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தம் கசிந்தாலும், கல்லீரல் முற்றும் தோற்றுவருகிறது என்று பொருள். அப்போது பிலிருபின் எண்ணைக் காட்டிலும் ரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் காட்டும் பரிசோதனையே உண்மையைச் சொல்லும்.

தண்ணீருக்குத் திரும்புகிறேன், ஏனெனில் பெரும்பாக்கத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இந்நோயின் பெரும்பகுதியை அங்கேயே தடுத்துவிடலாம். குழாய்த் தண்ணீர் நாள் முழுதும் வராமல் சில மணி நேரமே வரும் இடங்களில், வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடுகிறது. மோட்டார் வைத்து இழுக்கும்போது இன்னும் இறங்குகிறது. அருகே ஓடும் கழிவுநீர்க் குழாயும் இதுவும் விரிசல் கண்டிருந்தால் அழுக்கு உள்ளே புகுகிறது. தரைமட்டத்துக்குக் கீழேயுள்ள சம்ப், மூடி பொருந்தாமல் இருந்தால், ஒரு பெருமழைக்கே தெருத் தண்ணீரை ஏற்றுக்கொள்கிறது. லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் பார்வைக்குத் தெளிவாக இருப்பதால் மட்டும் தூயவை ஆகிவிடா. 2024-இல் கேரளத்து வேங்கூரில் இருநூறுக்கும் மேற்பட்டோரை ‘ஏ’ வகைக் காமாலை தாக்கியதும் குழாய் வழியே வந்த குடிநீரால்தான். வீட்டில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிய நீரைக் குடிப்பதும், கழிப்பறை சென்றபின் சோப்பால் கை கழுவுவதும் குடும்பத்தைக் காக்கும். ஆயினும் எரிவாயு விலையை எண்ணி எண்ணிச் சமைக்கும் வீட்டில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொதிக்க வை என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதும், தொட்டிகளைக் கழுவுவதும், விரிசலை அடைப்பதும் தண்ணீர் வழங்குவோரின் கடமை.

‘ஏ’ வைரசு உட்புகுந்து நோய் தோன்றச் சராசரி நான்கு வாரமும், ‘இ’க்கு ஐந்தாறு வாரமும் ஆகின்றன, டிசம்பர் வெள்ளத்தில் குடித்த தண்ணீர் ஜனவரியில் கண்ணை மஞ்சளாக்குகிறது. அதனால் எந்தத் தண்ணீர் என்று ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை. ஒரே பிளாக்கில் ஒரு மாதத்துக்குள் இரண்டு மூன்று வீடுகளில் காமாலை கண்டால், குடியிருப்போர் அதை அவரவர் வீட்டு விஷயமாக மறைத்து வைக்காமல், உள்ளூர்ச் சுகாதார ஆய்வாளரிடம் உடனே தெரிவித்துத் தண்ணீரைப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். அவர் வரும் வரை, அந்த பிளாக்கிலுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் கொதித்த நீர் கிடைக்கிறதா என்பதை அக்கம்பக்கத்தார் வீடு வீடாகச் சென்று விசாரிக்க வேண்டும்.